ஜீவமணி டீச்சருக்குக் கஞ்சி

ராத்திரி எட்டு மணி. மாப்பிள்ளையூரணி தாண்டி உப்பளத்துக்கு நடுவுல ஒரு ரோடு போகும், பாத்திருக்கியளா... ரெண்டு பக்கமும் உப்புக் குவியல். ஒரு லைட்டு கிடையாது. அந்த ரோட்டுலதான் பெனிஷா ஸ்கூட்டில போனா. என் கூட்டாளி ஜெப்ஸியோட சித்தி மவ, சாயர்புரத்துக்காரி. வயசானவங்கள வீட்டுக்கே போய் பாத்துக்கிடுத நர்ஸ். அவளே ஜெப்ஸிகிட்ட சொன்னது இது.

போன வீட்ல ஜீவமணி டீச்சர். ரிட்டையர் ஆனவங்க. பக்கவாதம் வந்து பேச்சு போச்சு, விழுங்கவும் முடியாது. மூக்கு வழியா குழாய், அதுலதான் சாப்பாடு. வாய்ல ஒரு வாய் தண்ணி விட்டாக்கூட நுரையீரலுக்குள்ள போயிரும். மகன் பொன்னுதுரைக்குத் துறைமுகத்துல நைட் ஷிப்ட். பெனிஷா உள்ள வந்ததும் அவரு வெளிக்கதவைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாரு.

பெனிஷா டீச்சரைப் புண்ணு வராம திருப்பிப் படுக்க வச்சா. தலைமாட்டை உயத்தி, குழாய்ல பாலைக் குடுத்தா. பக்கத்துலயே பாயை விரிச்சுப் படுத்துட்டா.

நடுச்சாமம்... ணங்... ணங்... சில்வர் கிண்ணத்துல கரண்டி தட்டுத சத்தம். கருப்பட்டி வாசம். அடுக்களையில யாரோன்னு தூக்கத்துல நினைச்சிருக்கா. அப்புறம்தான்... யாரு இருக்கா இந்த வீட்ல?

லைட்டைப் போட்டா. யாருமில்ல. டீச்சர் உதட்டுல பிசுபிசுன்னு கஞ்சி. தொட்டா சுடுது. தொண்டைக்குள்ள கொர்ர்... கொர்ர்ர்... சளி எடுக்குத மெஷினைப் போட்டு உறிஞ்சி எடுத்தா. விடியுத வரைக்கும் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தா.

காலையில மகன் வந்ததும் பிடிச்சுக்கிட்டா. "அண்ணாச்சி, வேற யாருகிட்ட சாவி இருக்கு? ராத்திரி அம்மா வாய்ல யாரோ கஞ்சி ஊத்திருக்காங்க!"

"சாவி எங்கிட்ட மட்டும்தாம்மா... என்ன கஞ்சி?"

"கருப்பட்டிக் கஞ்சி."

அவரு அப்படியே உக்காந்துட்டாரு. "எங்க அக்கா கிருபை... கல்யாணம் கூடப் பண்ணிக்கிடாம அம்மாவைப் பாத்தவ. தினம் ராத்திரி அதைத்தான் ஊட்டுவா. போன வருசம் மஞ்சக்காமாலையில செத்துப்போனா. அதுக்கப்புறம்தான் அம்மாவுக்கு வாதம் வந்துச்சு... அம்மாவால விழுங்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியாதேம்மா."

வேற ஆளா இருந்தா ஓடியிருக்கும். பெனிஷா அன்னைக்கு ராத்திரியும் இருந்தா. லைட்டை அணைக்கல. கண்ணை மூடல. மறுபடியும் ணங்... கட்டிலுக்குப் பக்கத்துலயே. டீச்சர் வாய்க்கு நேரா கையைக் குறுக்க வச்சுக்கிட்டு அழுதுகிட்டே சொல்லுதா. "கிருபையக்கா... வேண்டாம்க்கா. அம்மாவுக்கு இப்ப விழுங்க வராது. நீங்க ஊட்டுனா அம்மா செத்துருவாங்கக்கா."

சத்தம் நின்னுருச்சு. அவ புறங்கையில மட்டும் சூடா ஒரு சொட்டு விழுந்துச்சு. கஞ்சியா கண்ணீரான்னு குனிஞ்சு பாக்கத் தைரியம் வரல.

ஆனா முந்துன ராத்திரி உள்ள போனது போனதுதான். விடியக்காலம் டீச்சருக்குக் காய்ச்சல் கொதிக்கு. ஆஸ்பத்திரில சேத்தாங்க, நிமோனியான்னாங்க. ஒரு வாரம் தாங்கல.

உடம்பைக் கொண்டு போனப்புறம் பெனிஷா துணிமணி எடுக்க வார்டுக்கு வந்தா. பக்கத்துக் கட்டில்ல இசக்கியம்மாள்னு ஒரு வயசான அம்மா. அவங்களுக்கும் மூக்குல குழாய்தான், பேச்சு கிடையாது. கூட இருந்த மக டீ வாங்கப் போயிருந்தா. எங்கிருந்தோ கருப்பட்டி வாசம். இசக்கியம்மாள் மெதுவா தலையைத் திருப்பி... யாருமே இல்லாத டீச்சர் கட்டில் பக்கமாப் பாத்து...

வாயைத் தொறந்தாங்க.