பட்டினிக் கூண்டு

— பொய் சொல்லாத, எர்மெக். பட்டினி கிடந்த எலியோட கல்லீரலா இது? இந்தப் படத்த நீயே பாரு.

— பாத்தாச்சு தாயே. பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு.

— ஒவ்வொரு செல்லும் கல்யாண விருந்து முடிச்ச மாமா வயிறு மாதிரி புடைச்சு நிக்குது. உள்ள அத்தனையும் சர்க்கரைச் சேமிப்பு. அட்ரீனல் சுரப்பியவே எடுத்துட்டோம். அந்த ஹார்மோன் இல்லாம கல்லீரலால புதுசா சர்க்கரை பண்ண முடியுமா? தீனியும் இல்லன்னா செல் சுருங்கி, காலியாத்தானே கிடக்கணும்?

— கிடக்கணும்தான். மத்த கூண்டெல்லாம் சரியாத்தானே வந்திருக்கு?

— இந்தக் கதவோரக் கூண்டுலருந்து அறுத்த எலி மட்டும் சரியில்ல, மிச்சம் இருக்குறதும் உள்ள தெம்பா ஓடுது. யாரோ தீனி போட்டிருக்காங்க. அறைச் சாவி நம்ம ரெண்டு பேருகிட்டதான் இருக்கு. நான் போடல.

— நானும் போடல. உப்புத்தண்ணியத் தவிர ஒண்ணும் வெக்கல. ரொட்டி மேல சத்தியம், பொய்னா அது என்னை அடிக்கட்டும்.

— ரொட்டிய எதுக்கு இழுக்குற? பாவம் பாத்திருப்ப. முயலுக்குத் திருட்டுத்தனமா கேரட் கொடுத்தவன்தானே?

— அது சோதனை முடிஞ்ச முயல்!

— சாயங்காலம் பேராசிரியர் ஓஷ் நகரத்துலருந்து வந்துருவாரு. உன்னை ஆய்வுக்கூடத்த விட்டே அனுப்பச் சொல்லப்போறேன்.

— ஐசுலு, வேணாம். ஊருக்குப் போனா அப்பா கூட மலையில குதிரைதான் மேய்க்கணும்.

— மேய். குதிரைக்கு எவ்வளவு வேணா தீனி போடு, யாரும் கேக்க மாட்டாங்க. ச்சே, கைக்குட்டை எங்க போச்சு? கோவத்துல கண்ணுல தண்ணி வருது.

— ஏய், பையிலருந்து ஏதோ விழுது பாரு.

— ஐயையோ, மத்தியான ரொட்டி. மிதிச்சுத் தொலைக்காத, தள்ளு!

— ரொட்டிய மிதிப்பேனா? என்னை வளர்த்தது மனுசங்கதான்.

— ம்... முத்தம் கொடுத்து மேல வெச்சாச்சு. எங்க விட்டேன்? ஆங், பேராசிரியர்கிட்ட...

— ஐசுலு.

— கெஞ்சாத.

— கெஞ்சல. கதவு பக்கம் நின்னு பையைத் துழாவுறதே உன் பொழப்பு. விழுற ரொட்டிய எல்லாம் எங்க வெப்ப?

— இதென்ன கேள்வி? தரையிலயா விடுவாங்க? கால் படாத உயரத்துல எங்கயாவது வெப்பேன். போறப்போ எடுத்துப் பறவைக்குப் போடலாம்னு.

— போட்டிருக்கியா?

— மறந்துருவேன். மறுநாள் பாத்தா இருக்காது. இப்ப இதுவா முக்கியம்? பேச்ச மாத்தாத!

— மாத்தல. திரும்பிப் பாரு... கூண்டு மேல நீ வெச்ச ரொட்டிய உன் பட்டினி எலி கம்பி வழியா உள்ள இழுத்துக்கிட்டிருக்கு.