கட்டுப் போடாத கால்

மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரி வந்து தம்மம்பட்டி ஆடுகளத்தை நனைத்துவிட்டுப் போனது. மண் நல்ல பதத்தில் இருந்தது. அந்த மண்ணில் விழுந்தால் யாருக்கும் பெரிதாக அடிபடாது.

நான் கபடிக்காரன். இடது ஓரத்தில் நிற்பவன், கார்னர் என்பார்கள். பாடி வருபவனின் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. நாமக்கல் வட்டாரத்தில் ஒரு காலத்தில் என் பிடிக்குப் பெயர் இருந்தது. இப்போது வயது முப்பத்தேழு. போன வருடம் பள்ளிபாளையம் அணியிலிருந்து என்னை மரியாதையாக அனுப்பினார்கள். சால்வை போட்டார்கள். ஆத்தூர் அணி சேர்த்துக்கொண்டது. அங்கே ஆள் குறைந்திருந்தது.

குணசீலன் பள்ளிபாளையம் அணிக்குப் பாடிப் போகிறவன். நான் அந்த அணியில் இருந்தவரை, வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் நானும் அவனும் ஒரே அறை. அவனுக்கு வலது முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. பயிற்சியாளருக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார். அதனால் பழுதில்லாத இடது முட்டியில் துணிக் கட்டுப் போடுவான். எதிரணி கட்டுப் போட்ட காலையே குறிவைக்கும். பழுதான கால் தப்பிக்கும்.

"இது உங்களுக்கு மட்டுந்தாங்ண்ணா தெரியும்" என்று சொல்லித் துணியை நீட்டுவான். நான்தான் கட்டிவிடுவேன்.

தமிழினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிபாளையத்தில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓடுகிற துணியில் ஒற்றை இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பல வருடம் எனக்காகக் காத்திருந்தாள் என்கிறார்கள். நான் யாரையும் காத்திருக்கச் சொன்னதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம், இந்த சீசன் முடியட்டும் என்றேன். அவ்வளவுதான். வீடு, குழந்தை என்று நினைப்பு போய்விட்டால் பிடி தளரும். ஒரு சீசன் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அது என் குற்றமில்லை.

தை மாதம் போன் செய்தாள்.

"எனக்கும் குணாவுக்கும் உறுதி பண்ணிட்டாங்க. உங்ககிட்ட நானே சொல்லோணும்னு தோணுச்சுங்க."

நல்லது என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

தம்மம்பட்டித் திருவிழா ஆட்டத்தில் ஆத்தூருக்கும் பள்ளிபாளையத்துக்கும் மோதல் விழுந்தது. குணசீலன் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்ண்ணா, கல்யாணத்துக்கு மொத நாளே வந்துருங்க. பத்திரிகைல உங்க பேரு போட்டிருக்குதுங்."

அவன் இடது முட்டியில் கட்டு ஒரு சுற்று தளர்ந்திருந்தது. அவனை உட்கார வைத்து, நானே பிரித்து இறுக்கிக் கட்டிவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் முதலில் அவனைப் போக விட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகக் குனிந்தேன். கூட்டத்தில் ஒருவன், "மாமா, பாத்துக் குனி, இடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். குணசீலனும் சிரித்தான். அடுத்த முறை நெருங்கி வந்தான்.

வலது கணுக்காலைப் பிடித்தேன். பிடி சுத்தமாக விழுந்தது. எங்கள் ஆள் ஒருவன் அவன் இடுப்பின் மேல் விழுந்தான். பாட்டை விட்டால் அவுட் என்பது குணசீலனுக்குத் தெரியும். விட்டான்.

"அந்தக் கால் வேண்டாங்ண்ணா" என்றான். எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

பாட்டு நின்றால் பிடியை விட வேண்டும். புள்ளி எங்களுடையதாகிவிட்டது. நான் அதற்குப் பிறகுதான் திருகினேன். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, அவசரமில்லாமல்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. விழாக் கமிட்டித் தலைவர் மருதாசலம் மைக்கைப் பிடித்தார். "கட்டுப் போட்ட காலத் தொடாம, நல்ல காலாப் பாத்துப் புடிச்சாரு. இதான்யா பழைய ஆட்டக்காரன் பண்பு" என்றார். எனக்குத் துண்டு போர்த்தினார்கள். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணம் தள்ளிப்போனது.

போன வாரம் தமிழினி என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"எந்தக் கால்ல பழுதுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்னு அவரு சொன்னாருங்க."

நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் உங்களிடம் சொன்ன மாதிரியே வரிசையாகச் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன். அது உண்மை.

அவள் அழவில்லை. துணியைப் பார்க்கிற மாதிரி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மேசை மேல் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஆத்தூர் அணியின் மேனேஜர். சித்திரையில் அடுத்த சீசன்.

"எனக்காகத்தானுங்க? அப்ப நான் இன்னைக்கே வந்தர்றேன். கல்யாணம் என்னைக்குன்னு நாளைச் சொல்லுங்க."