சதையைப் பார்க்கிற மிஷின்

துணியக் குடுங்க டாக்டரம்மா, பெஞ்ச நான் தொடைச்சுவிடுறேன். எல்லாம் எங்க அயித்தை பண்ணின வேலை. எண்ணெய் தடவி மிஷின் வச்சுப் பாப்பாகன்னு உங்க கம்பவுண்டரு சொன்னாரா, அதைக் கேட்டுட்டு மகன் தொடையில வீட்டுலயே அரைப்படி நல்லெண்ணெயத் தடவி அனுப்பிருச்சு. உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதாம். எம்புட்டுத் தாராள மனசு பாருங்க.

எங்க வீட்டுக்காரவுகளா? டீக்கடைக்குப் போயிட்டாக. ரெண்டு தொடையும் ஒரே கனம்தான், இறுக்கச் சொன்னா நல்லாத்தான் இறுகுதுன்னு நீங்க சொன்னதும் அந்த மூஞ்சியப் பாக்கணுமே! இங்க வாரப்ப என் தோளப் பிடிச்சு நொண்டி நொண்டி வந்த மனுசன், கோவிச்சுக்கிட்டுப் போன வேகத்தப் பாத்தீகல்ல? நாலு மாட்ட அவுத்துவிட்டாலும் பிடிக்க முடியாது.

மாடுன்னதும் ஞாபகம் வருது. மாசி மகத்துக்குக் கண்டரமாணிக்கம் பக்கம் மஞ்சுவிரட்டுக்குப் போயி மாட்டப் பிடிச்சாகளாம். மாடுதான் அவுகளப் பிடிச்சுச்சுன்னு பாத்தவுக சொன்னாக. தொடையில கொம்பு பாஞ்சிருச்சு. புண்ணு சித்திரையிலயே ஆறிப்போச்சு, வீரம் மட்டும் இன்னும் ஆறல. வயலுக்குக் கூப்பிட்டாத் தொடையில பலமில்ல. வரப்பு வெட்டக் கூப்பிட்டாலும் பலமில்ல. காரைக்குடியில படம் மாத்திட்டான்னு எவனாச்சும் வந்து சொல்லட்டும், சைக்கிள் மிதிக்க மட்டும் எங்கிட்டிருந்தோ பலம் வந்துரும். அயித்தை வெடக்கோழியா அடிச்சு ரசம் வச்சு ஊத்துது. எங்க வீட்டுல கோழி கூவியே ரொம்ப நாளாச்சு.

நான் வாயத் தொறந்தா, காயம்பட்ட புருசனச் சொல்லிக்காட்டுற வாயாடின்னு தெருவே பேசுது. பேசட்டும். சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். எந்திரிங்க, வயக்காட்டப் பாருங்க, பிள்ளையளப் பாருங்கன்னு முழிச்ச நேரமெல்லாம் அதே பாட்டுத்தான்.

ஆமா, இந்த மிஷின் என்னத்த அனுப்புதுன்னீக? காதுக்குக் கேக்காத சத்தமா? அதைக் கத்துக்கவா சப்பான் வரைக்கும் போனீக? எங்க வீட்டுக்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பேனே. நான் பேசுறதெல்லாம் அந்தச் சத்தந்தான், ஒருத்தர் காதுலயும் விழாது. எக்ஸ்ரேயில எலும்பு, இதுல சதையாக்கும். இந்தத் திரையில எனக்கு மொதல்ல மழைதான் தெரிஞ்சுச்சு, டூரிங் கொட்டாயில பழைய படம் ஓட்டுற மாதிரி. நீங்க வெரல வச்சுக் காட்டின பெறகுதான் அங்குட்டு எலும்பு, இங்குட்டு சதைன்னு பிடிபட்டுச்சு.

ஒண்ணு கேக்கட்டா? சதை வத்திப்போனா அதுவும் இதுல தெரியுமா? ஓகோ. தொடை மட்டுந்தானா, சின்ன எடமா இருந்தாலும் பாக்கலாமா? வத்தினது திரும்ப ஊறுமா?

யாருக்குன்னா கேக்குறீக? அவுகளுக்குத்தான் ஒண்ணுமில்லைன்னுட்டீகளே. இருங்க, அந்தக் கதவச் சாத்திக்கிறேன்.

இந்தா, இந்தக் கைதான். கட்டைவெரலுக்குக் கீழ மேடா இருக்கும்ல, எனக்குப் பாருங்க, குழி விழுந்துருச்சு. அருவா பிடிச்சா நழுவுது. பிள்ளை சட்டைக்குப் பொத்தான் மாட்ட முடியல. போன வாரம் சோத்துப்பானையத் துணியில்லாம எறக்கியிருக்கேன், கொப்புளம் வந்தப்பறந்தான் எனக்கே தெரியுது. சுடலையான்னா கேக்குறீக? சுட்டிருந்தா பானையப் போட்டிருக்க மாட்டேனா?

எங்க தெருவுல சிட்டாள்னு ஒருத்தி, அவளுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. புருசன் வீட்டுல மொதல்ல அவளுக்குன்னு தனித்தட்டு வச்சாக. பெறகு அந்தத் தட்டக் கையில குடுத்து அனுப்பிட்டாக. ரொம்ப மரியாதையான குடும்பம். இப்ப வெரலெல்லாம் மழுங்கிப்போயி குன்றக்குடி மலையடிவாரத்துல வாரவுக போறவுக முன்னால தட்ட நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அந்த நோயோட பேர நீங்களும் சொல்லிராதீக டாக்டரம்மா, நானும் சொல்லல.

மருந்து இருக்கா? குடுங்க, திங்கிறேன். எத்தனை வருசம் திங்கச் சொன்னாலும் திங்கிறேன். ஆனா எங்க அயித்தைக்குத் தெரியிற அன்னைக்கு நான் அந்த வீட்டுல இருக்க மாட்டேன், அதுக்கு மருந்து உங்ககிட்ட இல்ல. பயமாத்தான் இருக்கு. சின்னவளுக்கு இன்னும் தானா சோறு அள்ளித் திங்கத் தெரியாது.

அந்த ரெண்டு பிள்ளையளுக்கும் பாடுபட்டுப் போட ஒரு ஆளு எந்திரிச்சு நடக்கணும்ல? அதைத் தெரிஞ்சுக்கத்தான் அவுகள இங்குட்டுக் கூட்டியாந்தேன். கால் நல்லாருக்குன்னு நீங்களே சொல்லிட்டீக, எனக்கு அது போதும். என் கைய, அவுக டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள பாத்துருங்க.