கூப்பிடுபாறை

கீழ்நாட்டுக்காரன் நம்மளப் பாத்தா என்ன சொல்லுவான்? "கூப்பிடுபாறைக்காரன் வாயி எட்டூருக்குக் கேக்கும்"பான். சொல்லிட்டுப் போறான். அது எப்படி வந்த வாயின்னு அவனுக்கு என்ன தெரியும்? கேளுங்க.

ரோடு இல்லாத காலமாம். இந்த எடத்துல ஊரும் இல்லையாம். மேல ஒரு ஊரு, கீழ ஒரு ஊரு, நடுவுல காடு, காட்டுக்குள்ள இந்தப் பெரிய பாறை. கீழூருல இருந்து மேலூருக்கு வாக்கப்பட்டு வந்தா வெள்ளத்தாயின்னு ஒருத்தி. பொறந்த வீட்டுல ஆத்தாளத் தவிர அவளுக்கு நாதியில்ல. ஆத்தாளுக்கோ மூட்டு வலி, மலை முழுசும் ஏற முடியாது. இவளும் முழுசா எறங்குனா பொழுதுக்குள்ள திரும்ப முடியாது. இருட்டுனா ஆனை வந்துரும். அதனால அமாவாசைக்கு அமாவாசை பாதி வழியில, இந்தப் பாறையடியில பாத்துக்குவாங்களாம். ஆத்தா உப்பு கொண்டாருவா. மக தேனும் மலைப்பூண்டும் கொண்டு போவா. பேசுவாங்க, பேசுவாங்க, அப்படிப் பேசுவாங்களாம்.

ரொம்ப வருசங் கழிச்சு வெள்ளத்தாயி வயித்துல ஒரு புள்ள தங்குச்சு. ஆத்தாகிட்டச் சொல்லணுமே! கார்த்திக அமாவாசைக்கு ஓடியாந்தா. வந்து பாத்தா ஒரே மூடுபனி. உக்காந்தா, உக்காந்தா, உக்காந்துகிட்டே இருந்தா. ஆத்தா வரல.

கூப்பிட்டுப் பாத்தா என்னன்னு கேப்பீங்க. அந்தக் காலத்துல பனிக்குள்ள குரல் குடுக்க மாட்டாங்களாம். குடுத்தா முனி தெரிஞ்ச குரல்ல பதில் சொல்லி, ஆள இழுத்துகிட்டுப் போயிருமாம். சுத்திப் போயிப் பாக்கவும் வழியில்ல. பாறையோரத்துப் பாதை கிடுகிடு பள்ளத்த ஒட்டிப் போகுது, பனியில யாரு கால வைப்பா?

திரும்பிட்டா. "நல்ல சேதி கொண்டாந்தேன், வராமப் போயிட்டாளே"ன்னு கோவம். கோவம்னா அப்படி ஒரு கோவம். அடுத்த அமாவாசைக்கு அவ போகவே இல்ல.

அப்பத்தான் பொதிமாட்டுல உப்பு ஏத்திகிட்டு வந்தாராம் கீழூருச் சடையப்பரு. "ஏத்தா வெள்ளத்தாயி, ஒங்காத்தாள இப்படி அழ விடலாமா? கார்த்திகையில பாறைக்குக் கீழ்ப்பக்கம் பொழுதுக்கும் உக்காந்திருந்துச்சாம். போன அமாவாசைக்கும் போச்சாம். நீ வரலையாமே. இனிமே மலை ஏற மாட்டேன்னு சொல்லிருச்சு."

வெள்ளத்தாயி தலையில அடிச்சுகிட்டா. "அய்யோ, கார்த்திகையில நான் மேல்பக்கம் இருந்தேனே!"

ஒரே பாறை. இந்தப் பக்கம் மக, அந்தப் பக்கம் ஆத்தா. முனிக்குப் பயந்து ரெண்டு பேரும் வாயைப் பொத்திகிட்டு இருந்திருக்காங்க!

தை அமாவாசை வந்துச்சு. "வயித்துப் புள்ளையோட பனிக்குள்ள போகாத"ன்னு மாமியா தடுத்தா. கேக்கல. பாறைக்கு வந்தா, அன்னைக்கும் பனி. வயித்தக் கையால அணைச்சுகிட்டா. முனி வந்தா வரட்டும்னு கத்துனா: "ஆத்தாஆஆ! நான் வந்துட்டேன்!"

மறுபடியும் கத்துனா, "ஆத்தா! வந்துட்டேன்!"

பனிக்குள்ள இருந்து ஒரு குரல்: "கத்தாதடி கிறுக்கி! முனி கேட்டுரப் போகுது!"

முனி இப்படி வையுமா? ஆத்தாதான் வைவா.

"வர மாட்டேன்னு சொன்னியாமே?"

"சொன்னேன். காலு கேக்கல, தானா வந்துருச்சு. நகராத, பள்ளம். பனி விலகட்டும்."

"ஆத்தா, நான் தனியா வரல. வயித்துல ஒருத்தரோட வந்திருக்கேன்."

அந்தப் பக்கம் கேட்ட அழுகையில பாறையே எளகியிருக்கும்.

அதுலருந்து ரெண்டு பேரும் குரல் குடுத்துத்தான் வருவாங்க. அதப் பாத்து மத்தவங்களுக்கும் பயம் விட்டுப் போச்சு. உப்புக்காரன் வந்தான், தேன்காரன் வந்தான், சந்தை கூடுச்சு, சந்தையச் சுத்தி வீடு வந்துச்சு. அதுதான் நம்ம ஊரு.

பின்னால ஒரு நாள் ஆத்தா செத்துப் போனா. அடுத்த அமாவாசைக்கு வெள்ளத்தாயி புள்ளையோட சந்தைக்கு வந்தா. பனி. பழக்கத்துல வாயி கூப்பிட்டுருச்சு: "ஆத்தா, வந்துட்டேன்!" கூப்பிட்ட பெறகுதான் நெனப்பு வந்துச்சு. அப்படியே நின்னுட்டாளாம் பாவி மக.

அந்தப் பக்கம் யாரோ ஒரு கருவாட்டுக்காரி. முன்னப் பின்னப் பாத்தது கூட இல்ல. "வா தாயி, இங்கதான் இருக்கேன்"னாளாம்.

அதனாலதான் நம்ம ஊருல, பனிக்குள்ள "வந்துட்டேன்"னு யாரு குரல் குடுத்தாலும், கையில இருக்கற தராசக் கீழ வச்சுட்டாவது "வா, இங்கதான் இருக்கேன்"னு சொல்லிரணும். யாரு எவருன்னு கேக்கக் கூடாது.