வெற்றிலைக்குப் போட்ட ஈரச் சாக்கு

சட்டைத் துணி கெஜம் எட்டணாவுக்கு விற்ற காலம். பாப்பிரெட்டிப்பட்டி சாலையில் பஸ்ஸுக்காகக் குடை பிடித்து நின்றேன். அருகில் கூரையில்லாத மொட்டை மாட்டு வண்டியை ஓட்டிவந்தவரும் அவர் அக்காவும் இருந்தார்கள். மறுநாள் நிச்சயதார்த்தம் நடக்கவிருந்த அக்கா மகள் அங்கே இல்லை.

“வெத்தலைக்குப் போட்ட ஈரச் சாக்கை நீ போத்திக்கிட்டு வந்தியாடா?”

“வெயிலு மண்டையப் பொளந்துச்சுக்கா.”

“வழியில தண்ணியாவது தெளிச்சியா?”

“தெளிச்சேன். என் தலைமேல இருந்த சாக்குக்குத்தான்.”

அக்கா கூடையைத் திறந்தார். வெற்றிலை முழுதும் வாடித் துவண்டு கிடந்தது.

“மாப்பிள்ளை வூட்டாருக்கு இதையா தட்டுல வெப்பேன்? மாடு ரெண்டும் அதே வெயில்லதான வந்துச்சு. அதுங்க சாக்கு கேட்டுச்சா?”

நான் குடையை மடக்கிக்கொண்டேன்.

தம்பி குனிந்த தலையோடு இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். “புது வெத்தலை வாங்கிக்கக்கா. சட்டை எடுக்க வெச்சிருந்தது. தாய்மாமன் துண்டோடயே நின்னுக்கறேன்.”

அக்கா எண்ணிப் பார்த்தார். ஒன்றே கால் ரூபாய்.