வருஷத்துக்கு ஒரு உயிர்

— அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார்.

— "ஏழாம் நம்பர் கிரேன். உயிரிழப்பு, ஆண்டுக்கு ஒன்று வரை தாங்கத்தக்கது." அவ்வளவுதாம்மா இருக்கு.

— தாங்குறது யாரு? நானா?

— அதாவது, கம்பெனி தாங்கிக்கும்னு அர்த்தம். பாருங்கம்மா, ஆபத்து இல்லாத வேலை கிடையாது. எதை எவ்வளவு தூரம் விடலாம்னு வருஷா வருஷம் கமிட்டி உட்கார்ந்து பேசி முடிவு பண்ணும். அந்த அளவைத் தாண்டினாத்தான் மெஷினை நிறுத்தவோ விசாரணை வைக்கவோ எனக்கு அதிகாரம். பாதுகாப்பு அதிகாரின்னு போர்டு மட்டும்தான் பெருசு.

— என் வீட்டுக்காரர் செத்தது அளவைத் தாண்டலையா?

— இந்த வருஷத்துக்கு அவர்தாம்மா முதல் ஆள். தாண்டலை.

— மூணு டன் இரும்பு மேல விழுந்து, முகத்தைக்கூடக் காட்டாம மூடிக் குடுத்தீங்க. பதினெட்டு நாள்தான் ஆச்சு. அது அளவுக்குள்ள இருக்கு. இன்னொருத்தர் போனாத்தான் கிரேன் நிக்கும். சரியா சார்?

— அப்படிச் சொல்லாதீங்கம்மா.

— வேற எப்படிச் சொல்றது? வர்ற திங்கக்கிழமையிலேருந்து என் தம்பியை அதே கிரேனுக்குக் கீழே கொக்கி மாட்டப் போட்டிருக்கீங்க. போகாதடான்னா, வேலை போயிடும்க்காங்கிறான். பிரேக்கைச் சரி பண்ணிட்டாங்களாடான்னா தலையைக் குனிஞ்சுக்கிறான். நீங்களாவது சொல்லுங்க, பண்ணியாச்சா?

— பிரேக் பிடிச்சப்புறமும் சுமை நாலு விரக்கடை வரைக்கும் வழுக்கலாம்மா. இப்ப மூணரைதான் வழுக்குது.

— அதுக்கும் ஒரு தாள் இருக்கா?

— இதே தாள்தான். பின்பக்கம்.

— நல்ல கூத்து சார். ஒரு கையெழுத்தைப் போட்டு அந்தக் கிரேனை நிறுத்துங்க. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

— நான் நிறுத்தினா ஒரு மணி நேரத்துல ஓட விட்டுடுவாங்க. சாயங்காலம் இந்த நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்திருப்பான். நானும் ரெண்டு பொண்ணுங்களை வச்சிருக்கேன். பாருங்கம்மா, என்னால ஆனது ஒண்ணே ஒண்ணு. உங்க தம்பியை பெயின்ட் அடிக்கிற பக்கம் மாத்தி விடறேன். இன்னைக்கே.

— அப்ப கிரேனுக்குக் கீழே யாரு நிப்பா?

— யாராவது நிப்பாங்க.

— அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா.

— இருக்கலாம்மா.

— மாத்திடுங்க சார்.

— சரிம்மா.

— அப்படிப் பார்க்காதீங்க. ஒருத்தரைத் தூக்கிக் குடுத்தாச்சு, இன்னொருத்தரைக் குடுக்க எனக்குத் தெம்பு இல்லை. எவன் வீட்டுல இழவு விழுந்தாலும் விழட்டும், என் தம்பி வேணும். இப்படி ஒரு பேச்சு என் வாயிலேருந்து வரும்னு நானே நினைக்கல.

— நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. தண்ணி குடிங்க.

— தண்ணி வேணாம். ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லணும். அந்த ஒண்ணை எழுதச் சொன்ன மகராசன் யாரு?

— கமிட்டிம்மா.

— கமிட்டிக்கு வாய் இருக்கா? யாரோ ஒரு ஆள்தானே சொல்லியிருக்கணும். அந்த ஆள் வீட்டு வாசல்ல போய் நிக்கணும் சார். சண்டை போட இல்லை. முகத்தை ஒரு தடவை பார்க்கணும்.

— வேண்டாம்மா. வீட்டுக்குப் போங்க.

— பேரைச் சொல்லுங்க, போயிடறேன்.

— மேலேருந்து முதல்ல மூணுன்னுதான் வந்துச்சு. கமிட்டியில தொழிலாளிங்க சார்பா ஒரே ஒருத்தர். காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் ஒத்தை ஆளா மல்லுக்கட்டி அதை ஒண்ணா இறக்கினார். உங்க வீட்டுக்காரர்தாம்மா.

— அவரா? கமிட்டியில இருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே. மூணை ஒண்ணாக்கின மனுஷன் அந்த ஒண்ணை மட்டும் ஏன் சார் விட்டார்?

— தாளை எழுதினவன் நான்தாம்மா. நானும் அதைத்தான் கேட்டேன், சைபர்னே எழுதிடலாமேன்னு. என் பேனாவைப் பிடிச்சுக்கிட்டார். "சைபர் போட்டா நாளைக்கே அந்தக் கிரேன் ஓடுற பக்கத்தையே இழுத்து மூடிடுவாங்க சார், நாப்பது குடும்பம் தெருவுல நிக்கும். வருஷத்துக்கு ஒருத்தன்தானே, போனாப் போறான்"னார்.