மூணாங்கிளாஸ் ஜன்னலுக்கு நேரே

கேட்டுக்கு வெளியே போய் உக்காரச் சொல்லாதீங்க மிஸ். நீங்க நேத்துதான் இந்த கிளாசுக்கு வந்தீங்க, அதனால சொல்றேன். அதோ, சிஞ்சனா எட்டிப் பாக்கறா பாருங்க. ரெண்டு வரி எழுதுவா, அப்புறம் ஜன்னல் வழியா என்னை ஒரு பார்வை. போன மாசம் அவ பெஞ்சிலயே பக்கத்துல உக்காந்திருந்தேன். பொறவு வாசப்படி. இப்ப வராந்தா. அடுத்த வாரம் குழாயடிக்குப் போங்க ஆன்ட்டின்னு அவளே சொல்லியிருக்கா. அவ சொல்லட்டும், நகர்றேன்.

ஒறவான்னா கேக்கறீங்க? இல்ல மிஸ். திப்டூர்ல இவ படிச்ச ஸ்கூல் வேனுக்கு ஆயா நான், கெம்பம்மா. சிஞ்சனா ரெண்டு வருசம் என் வேன்லதான் வந்தா. ஹாரன் கேட்டா போதும், வாயில அக்கிரொட்டியோட ஓடியாருவா. தசரா லீவு முடிஞ்சு ஒரே நாள்ல மாறிட்டா. அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டு விடமாட்டேங்கறா. அம்மா சேலையில துண்டு கிழிச்சுக் கையில குடுத்தோம். மிட்டாய் குடுத்தோம். ம்ஹூம். நின்னு கொஞ்சாதீங்க, சட்டுனு பிரிச்சு ஏத்திருங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. ஏத்துனேன். மணிக்கட்டைக் கடிச்சா, இந்தா தழும்பு. வயித்துல ஒதச்சா. ஒரு நா நானும் கன்னத்துல ஒண்ணு வெச்சுட்டேன், பொய் சொல்லல.

அந்த வியாழக்கிழமை அவ அம்மா நேத்ராவதியே புள்ளையோட வெரலைப் பிரிச்சு விட்டா. கூட்டிட்டுப் போயிரு அக்கா, சீக்கிரம்னா. வேன் முக்கு திரும்பறப்பதான் பாத்தேன், இழுபறியில பை வாசல்லயே விழுந்திருக்கு. நிறுத்தச் சொல்லிட்டு எடுக்கப் போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள சத்தம். ஜன்னல்ல பாத்தா, கொல்லையில தேங்கா உரிக்க நட்டிருந்த கடப்பாரையைப் புடுங்கியாந்து, இவ அப்பன் புட்டராஜு, ரெண்டு கையாலயும் ஓங்கி ஓங்கிப் போடறான். அவ தரையில கெடக்கா. கல்லெடுத்து ஜன்னலை ஒடச்சேன், கத்துனேன். வெளிய வந்து எனக்கும் ஒண்ணு போட்டான். இந்த எடது கை அதுலருந்து மேல வராது. மண்ணை அள்ளி அவன் கண்ணுல அடிச்சேன். தெருவே கூடிருச்சு. கரண்ட் கம்பத்துல கட்டி அடிச்சாங்க, பல்லு ரெண்டு சாக்கடையில விழுந்துச்சு. இப்ப ஜெயில்ல இருக்கான். நேத்ரா ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுலயே போயிட்டா, தலை என் மடியில. இவ எப்ப வேன்லருந்து எறங்குனான்னு தெரியல. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அழவே இல்ல.

இவ மாமங்காரன் புள்ள வேணாம்னுட்டான். கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு நான் கூட்டிக்கிட்டேன். அந்தத் தெருவுல இருக்க முடியல, ஹாசன் வந்துட்டோம்.

முன்னாடியே யாருக்கும் தெரியாதான்னா கேக்கறீங்க?

தெரியும் மிஸ். அதுக்கு மொத நா, புதன்கிழமை, வேன்ல என் மடியில ஏறி காதுல சொன்னா. நான் வீட்ல இருந்தா அப்பா அம்மாவைக் கையாலதான் அடிப்பாரு ஆன்ட்டி, நான் இல்லாதப்போ கொன்னுருவேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காருன்னு. சரி சரி, மூக்கைத் தொடைன்னேன். லீவு போட புள்ளைங்க சொல்லாத கதையா. மறுநா காலையில, வேனுக்கு நேரமாச்சுன்னு, நான்தான் தூக்கி உள்ள போட்டேன்.